ஆற்றில் இட்ட பொன்னும் அட்டைப் புள்ளியும்

விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பொன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய இவ்வூர் இறைவனைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்ற அவர், அவ்வளவையும் வழிநெடுகச் சுமந்து செல்ல மாட்டாமல், இறைவன் ஆணைப்படி மணிமுத்தாற்றிலே இட்டுவிட்டு, திருவாரூருக்குச் சென்று அங்குள்ள கோயில் குளத்திலே எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் வழக்கும் அந்த வரலாற்றை ஒட்டியே நம்மிடையே வழங்கிவருகிறது. அந்த அற்புதத்தைக் காட்டிலும் அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த இரண்டு காரியங்களே என் மனத்தில் ஆழப் பதிந்தவை. கொடுத்தவர் இறைவனே ஆயினும், ஆற்றில் விடுமுன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக, அதாவது மாற்றை ஒத்துப் பார்க்கும் மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து எடுத்தபின் அதனோடு உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்திருப்பதைக் கண்டு, அதை இறைவனிடமே முறையிட்டு நேர்செய்துகொண்டார்.

இன்று கிரெடிட் கார்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த முன்ஜாக்கிரதை மிகவும் வேண்டியிருக்கிறது. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் செலவிட்ட பணத்துக்காக வங்கி ஏதோ ஓர் எண்ணிக்கையில் புள்ளிகளை நம் கணக்கில் எழுதிவைக்கிறது; பல மாதங்களுக்குப் பின் அந்தப் புள்ளிகள் ஒரு ரயில் சீட்டாகவோ விமானச் சீட்டாகவோ வெளிப்படுகின்றன. இங்கே இட்டு அங்கே எடுக்கும் இந்த ஏற்பாட்டில், இட்டதற்கும் எடுத்ததற்கும் மாற்று ஒத்திருக்கிறதா என்று உரைத்துப் பார்ப்பவர்கள் சிலரே. பிரயாணச் செலவைக் குறைத்துக்கொள்ளும் இந்த வழியை நான் நிந்திக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது சொந்த ஊரை விட்டு வெளியே சென்றுவர வேண்டும் என்று ஆசைப்படும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது உண்மையான உதவியே. ஆனால் அந்த உதவி யாருக்குக் கிடைக்கிறது, யார் கையிலிருந்து கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் நாம் கேட்டாக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நம் ஊருக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் ரயிலால் வளர்ந்த ஊர். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் பாதையும், கடலூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன். வைகையும் பல்லவனும் மலைக்கோட்டையும் நின்று செல்லும் இவ்வூரில் பிரயாணம் என்றால் பெரும்பாலும் ரயில் பிரயாணந்தான். அந்த ரயில் சீட்டுக்கென்றே இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனமும் எஸ்பிஐ கார்டு நிறுவனமும் சேர்ந்து ஓர் அட்டையை 2006இல் வெளியிட்டன. அதில் ஒரு புள்ளி ஒரு ரூபாய்க்குச் சமம். ஐஆர்சிடிசி தளத்திலோ செயலியிலோ ஏசி வகுப்புச் சீட்டு எடுத்தால் கட்டணத்தில் 10 சதவீதம் வரை புள்ளிகளாகத் திரும்ப வரும். மற்றக் கடைச் செலவுகளுக்கு 125 ரூபாய்க்கு ஒரு புள்ளி. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் காசிக்குச் செல்ல மூன்றாம் ஏசி வகுப்பில் 10,000 ரூபாய்க்குச் சீட்டு எடுத்தது என்று வைத்துக்கொண்டால், 1,000 புள்ளிகள் வரை சேர்ந்து, அடுத்த பிரயாணத்தில் 1,000 ரூபாய் குறையும். இது கண்கூடான லாபம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

மாற்றுக் குறைவது எங்கே என்றால், அதே அட்டையை வைத்திருப்பவர் வைகையில் ஏசி இருக்கைக்குப் பதிலாக இரண்டாம் வகுப்பு இருக்கையில் சென்னைக்குப் போனால் அந்த 10 சதவீதச் சலுகை அவருக்கு இல்லை. ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவருக்கும் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போகிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமானச் சீட்டுகளைக் குறிவைத்து வரும் பெரிய வங்கிகளின் அட்டைகளிலோ புள்ளியின் விலை இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரபலமான ஓர் அட்டையில் அதே புள்ளியை விமானச் சீட்டுக்குச் செலுத்தினால் 50 காசு, பொருள் வாங்கினால் 35 காசு, ரொக்க வரவாகக் கேட்டால் 20 காசு என்று கணக்கிட்டார்கள். புள்ளிகளை மாற்றிக்கொள்வதற்கே 99 ரூபாயும் அதன்மேல் வரியும் வாங்குகிற வங்கிகள் உண்டு. பெட்ரோலுக்கும் வாடகைக்கும் செலவிட்டால் புள்ளி கிடையாது என்னும் விலக்குகளும், இரண்டு ஆண்டுகளில் புள்ளி காலாவதியாகிவிடும் என்னும் நிபந்தனைகளும் பொடி எழுத்தில் அச்சாகிக் கிடக்கின்றன. ஆகையால் அட்டை வாங்க விரும்புகிறவர், அதை விற்க வரும் இளைஞரிடம் எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, நான் வழக்கமாகப் போகும் வகுப்பில், வழக்கமாகப் போகும் ஊருக்கு, இந்தப் புள்ளி ஒன்றுக்கு எத்தனை காசு என்று கேட்க வேண்டும். அதுதான் நாம் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டிய மச்சம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு நம் பீங்கான் தொழிற்பேட்டையின் ஞாபகமே முதலில் வருகிறது. மின்சாரப் பியூஸ் கட்டைகளும், ஊறுகாய் ஜாடிகளும், கார்த்திகைக்கு அகல்விளக்குகளும், கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் பொம்மைகளும் இங்கே உருவாகி வெளியூர்களுக்குப் போகின்றன. சூளையிலிருந்து வந்த பொம்மையின் அடியைத் தரையில் தேய்த்து ஆட்டம் போக்கி, விரலால் விளிம்பைத் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அந்த விரல்களுக்குக் குற்றமுள்ள பொருளைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டியதில்லை. தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். இப்போது அந்தக் குடும்பங்களிலும் அட்டைகள் நுழைந்துவிட்டன. நாடு முழுவதும் வழக்கிலுள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்ட காலம் இது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போன மகன் வாங்கிய அட்டையிலே வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வருகிறது, தங்கையின் கல்லூரிக் கட்டணம் போகிறது. அந்தக் கடனை உரிய தேதியில் முழுமையாகக் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கட்ட முடியாமல் போய், குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் என்ன ஆகும் என்பதைப் புள்ளிகளோடு சேர்த்து யாரும் விளக்குவதில்லை.

10,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று கொள்வோம். பல அட்டைகளில் மாத வட்டி 3.75 சதவீதம், ஆண்டுக்குக் கணக்கிட்டால் 45 சதவீதம். ஒரு மாதத்துக்கு 375 ரூபாய் வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 67 ரூபாய் 50 காசு, ஆக 442 ரூபாய் 50 காசு. அதே 10,000 ரூபாயைக் கடைகளில் செலவிட்டதற்கு, மேலே சொன்ன ரயில் அட்டையின் கணக்குப்படி, கிடைத்த புள்ளிகள் 80. அதாவது 80 ரூபாய். பாக்கி வைத்த மாதத்திலிருந்து புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத் தவணைக்காலம் போய்விடுகிறது. வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்குகிறது. இவ்வளவு உயர்ந்த வட்டியை வரம்புக்குள் நிறுத்தத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் முயன்று, ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வட்டியை நிர்ணயிப்பது ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்னும் அடிப்படையில் உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்று சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. குடும்பத்தலைவரின் நிதானம் ஒன்றே வரம்பாக நிற்கிறது.

வங்கி புள்ளி கொடுப்பதற்கான பணத்தில் பெரும்பகுதி இந்த வட்டியிலிருந்தும், அட்டையை ஏற்கும் கடைக்காரரிடம் பிடிக்கும் கழிவிலிருந்தும் வருகிறது. கடைத்தெருவில் பீங்கான் பொம்மை விற்கும் ஒரு சிறு வியாபாரி, யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் பணத்துக்குக் கழிவு கொடுப்பதில்லை. அதே வாடிக்கையாளர் கிரெடிட் கார்டை நீட்டினால் 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும். அவருடைய லாபமே அற்பம். அந்த 2 ரூபாயில் ஒரு பகுதியும், கடனைக் கட்ட முடியாமல் தவிக்கும் இன்னொரு குடும்பத்தின் வட்டியில் ஒரு பகுதியும் சேர்ந்து, கடனை ஒழுங்காகக் கட்டக்கூடிய வசதியுள்ளவரின் ஏசி வகுப்புச் சீட்டாக உருமாறுகின்றன. முழுத் தொகையையும் நாள் தவறாமல் கட்டிப் புள்ளி சேர்ப்பவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. இல்லாதவன் கொடுத்து இருப்பவன் பிரயாணம் செய்யும்படி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பது வாஸ்தவம். அதை அறிந்துகொண்டு உபயோகிப்பது நம் கடமை. அடிக்கடி போகும் சிறு கடையில் ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுத்து, பெரிய நிறுவனங்களிலும் ரயில் தளத்திலும் மட்டும் அட்டையை உபயோகிக்கிற சிலரை நான் அறிவேன். அது நல்ல பழக்கம்.

இனிப் பயண முகவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையம் வந்தபின் இவர்கள் எதற்கு என்று கேட்கிற தலைமுறை உருவாகிவிட்டது. முகவர் தொழிலின் தொடக்கமோ சாமானிய ஜனங்களின் பிரயாணத்தோடு பிணைந்தது. இங்கிலாந்தில் மதுவிலக்குப் பிரசாரகராயிருந்த தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்குச் சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்னும் குறைந்த கட்டணத்தில், ரயிலில் அழைத்துச் சென்றதையே நவீன பயண முகமையின் ஆரம்பமாகச் சொல்கிறார்கள். தனியாகப் போக வசதியில்லாதவர்களைச் சேர்த்து, மொத்தமாகப் பேசி, விலையைக் குறைத்து வாங்கிக் கொடுத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். இன்றும் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து விமானத்தில் போனால் விமான நிறுவனங்கள் குழுக் கட்டணம் பேசுகின்றன. அதைப் பேசி வாங்குவது முகவருக்குக் கைவந்த வேலை, நமக்குப் புதிய வேலை. ஒரு காலத்தில் 9 சதவீதமாயிருந்த தரகை விமான நிறுவனங்கள் படிப்படியாகக் குறைத்துவிட்ட பிறகு, முகவருடைய ஜீவனம் பிரயாணி கொடுக்கும் சேவைக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது.

நம் ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் சிறு அறை ஒன்றில் பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் ஒரு முகவரை நான் கவனித்து வந்திருக்கிறேன். ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், அட்டை கிழிந்த நீண்ட நோட்டு ஒன்று. அந்த நோட்டில் வாடிக்கைக் குடும்பங்களின் பெயர்கள், வயது, கீழ்ப்படுக்கை வேண்டியவர் யார், சர்க்கரை வியாதிக்காரர் யார் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார். அவரிடம் கன்னியாகுமரிக்குச் சீட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் ஒரு யோசனையைக் கேட்டாலே அந்தக் கட்டணத்தின் நியாயம் விளங்கும். சென்னையில் புறப்படும் ரயிலில் நடுவழி நிலையத்திலிருந்து ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் இடம் பொதுக் கோட்டாவில் வருவதில்லை. பல நிலையங்களுக்குச் சேர்த்து ஒதுக்கிய சிறு கோட்டாவிலே வருகிறது. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் காத்திருப்புப் பட்டியல் எளிதில் நகராது. சென்னை எழும்பூரிலிருந்தே சீட்டு எடுத்து, ஏறும் நிலையத்தை விருத்தாசலம் என்று முறைப்படி மாற்றிக்கொண்டால், கட்டணம் சற்றே கூடினாலும் பொதுக் கோட்டாவில் இடம் உறுதியாகும் வாய்ப்பு அதிகம். அப்படி மாற்றாமல் விட்டுவிட்டு நேராக இங்கே வந்து ஏறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடலாம் என்பதையும் அவர் மறக்காமல் எச்சரிக்கிறார். இது பகிரங்கமான விதிதான். ஆனால் அதை வேண்டிய நேரத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

காசி யாத்திரை விஷயத்தில் இத்தகைய அனுபவத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். காசியைவிட வீசம் அதிகப் புண்ணியம் என்று பெரியோர் சொல்லும் விருத்தகாசியாகிய நம் ஊரிலிருந்தே காசிக்குப் போக விரும்பும் முதியவர்கள் எத்தனையோ பேர். பிரயாகையும் கயையும் சேர்த்து எந்த வரிசையில் போவது, கயையில் பிண்டம் போடும் நாளுக்கு முன் எங்கே தங்குவது, திரும்பும்போது ராமேசுவரத்தை எப்படி இணைப்பது என்பவற்றை ஒரு திரையில் தட்டித் தெரிந்துகொள்ள அவர்களால் இயலாது. ஐஆர்சிடிசி முறையில் பதிவுபெற்ற முகவர் ஒரு சீட்டுக்கு ஏசி அல்லாத வகுப்பில் 20 ரூபாய், ஏசி வகுப்பில் 40 ரூபாய் என்னும் அளவிலேயே சேவைக் கட்டணம் வாங்கலாம் என்று விதி இருக்கிறது. நாமே தளத்தில் எடுத்தாலும் வசதிக் கட்டணமாக 15 அல்லது 30 ரூபாயும், யுபிஐயில் செலுத்தினால் 10 அல்லது 20 ரூபாயும், அதன்மேல் வரியும் போகிறது. வித்தியாசம் மிகச் சிறியது. விதிப்படி வாங்குகிற முகவரிடம் பேரம் பேசி அந்தப் பத்து இருபதை மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விதியை மீறுகிறவர்களும் உண்டு என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. பண்டிகைக் காலத்தில் தத்கால் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் மேலே கேட்பவர்கள், சொந்தப் பெயரிலான கணக்குகளைக் கொண்டு வியாபாரம் செய்பவர்கள், ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கோ 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரியவர்கள். 2025 ஜூலை 1 முதல் ஆதார் மூலம் உறுதிசெய்த கணக்கு இல்லாமல் இணையத்தில் தத்கால் எடுக்க முடியாது என்றும், ஏசிக்குக் காலை 10 மணி முதலும் மற்ற வகுப்புக்கு 11 மணி முதலும் முதல் அரைமணி நேரம் முகவர்கள் தத்கால் எடுக்கக் கூடாது என்றும் ரயில்வே விதித்தது நல்ல காரியமே. அதனால் நியாயமான முகவரின் தொழிலும் ஓரளவு பாதிக்கப்படுகிறது. இருந்தாலும் அவருடைய பலம் அவசரச் சீட்டைப் பிடிப்பதில் இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்பே யோசித்துத் திட்டமிட்டுக் கொடுப்பதில் இருக்கிறது.

அட்டை, புள்ளி, முகவர் ஆகிய எல்லாவற்றையும் எடைபோட்டபின் என் மனத்தை வருத்தும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. முன்பெல்லாம் ரயில் பிரயாணத்தில் சலுகை பெற வங்கியின் தயவு வேண்டியதில்லை. வயது ஒன்றே போதுமானதாக இருந்தது. 60 வயது நிரம்பிய ஆணுக்கு 40 சதவீதமும், 58 வயது நிரம்பிய பெண்ணுக்கு 50 சதவீதமும் கட்டணத்தில் கழித்தார்கள். ஸ்லீப்பர் வகுப்பென்றும் ஏசி வகுப்பென்றும் பேதம் பார்க்காமல், சூளையில் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் ஒரே விதமாகக் கிடைத்த சலுகை அது. கொரோனாத் தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 20 அன்று அது நிறுத்தப்பட்டது. தொற்று நீங்கி ரயில்கள் முன்போல் ஓடத் தொடங்கியபின்னும் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் இப்போது நிற்பது கடன் தகுதி உள்ளவருக்கும், ஏசி வகுப்பில் போகக்கூடியவருக்கும் மட்டும் கிடைக்கிற புள்ளி. எழுபது வயதில், நிரந்தர வருமானம் இல்லாத ஒரு பீங்கான் தொழிலாளிக்கு எந்த வங்கியும் கிரெடிட் கார்டு கொடுக்கப் போவதில்லை.

எல்லாப் பிரயாணிகளுக்குமே கட்டணத்தில் சராசரியாக 46 சதவீதம் ஏற்கெனவே மானியமாகப் போகிறது என்று அரசு தரப்பில் 2024இல் பதில் சொன்னார்கள். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த மானியம் இளைஞருக்கும் முதியவருக்கும் ஒன்றே ஆகையால், முதுமைக்கென்று தனியாக இருந்த பரிவுக்கு அது பதிலாகாது என்பதே என் கட்சி. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும், குறைந்தபட்சம் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றாம் ஏசி வகுப்பிலுமாவது இந்தச் சலுகையைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. தமிழக அறநிலையத்துறை 2022-23இல் 200 முதியவர்களை ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அரசுச் செலவில் அழைத்துச் செல்லத் தொடங்கியபோது விண்ணப்பிக்க ஆர்வம் காட்டியவர்களின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஆசை நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது தெரியும். நம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி இந்த ஒரு கோரிக்கையை வலியுறுத்த வேண்டும்: மூன்றாம் ஏசிக்கு வேண்டுமானால் இன்னும் ஓராண்டு யோசிக்கட்டும், ஸ்லீப்பர் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பு இருக்கையிலும், பழைய விகிதத்தில், வயதுச் சான்று ஒன்றையே தகுதியாகக் கொண்டு, விருத்தாசலம் ஜங்ஷனின் முன்பதிவு ஜன்னலிலேயே ரொக்கம் கொடுத்துப் பெறும்படியாக, வரும் நிதிநிலை அறிக்கையிலாவது அதைத் திரும்பத் தர வேண்டும்.